சாம்பிள் மஞ்சளை நான் சிங்காரித்த கதை

ஆர்வக்கோளாறு பிடித்த புது மருமகளை மட்டும் எந்த வேலைக்கும் ஏவக் கூடாது. நானே அப்படியொரு மருமகளாக இருந்தவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அதுவரை மஞ்சள் என்றால் எனக்கு அஞ்சறைப் பெட்டித் தூள்தான். (படித்தது பி.எஸ்ஸி. தாவரவியல். வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

ஈரோட்டு மண்டியில் வியாபாரிகள் சாம்பிளைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். என் மாமனார் கொண்டுபோகும் சாம்பிள் என்றால் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்களாம். அவ்வளவு நம்பிக்கை. இதை என் வீட்டுக்காரர் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் மூட்டையெல்லாம் கட்டி முடித்த காலையில் மாமா ஒரு துணிப்பையை நீட்டினார்.

"சாம்பிளுக்குக் கொஞ்சம் மஞ்சள் எடுத்துட்டு வா கண்ணு."

அப்பேர்ப்பட்டவர் பெயரில் போகிற மஞ்சள் ஏனோதானோவென்று இருக்கலாமா? வெளியாளுக்குக் கொடுப்பதை நல்லதாகப் பார்த்துக் கொடு என்றுதான் என் அம்மா வளர்த்திருந்தாள். ஒரே நீளத்தில், குண்டு குண்டாக விரல் மஞ்சளைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் துணியால் பளபளவென்று துடைத்தேன். பிறகு, என் கைவண்ணத்தை ஊர் மெச்சுவதைப் பார்க்க நானும் கூடவே கிளம்பினேன்.

மெச்சத்தான் செய்தார்கள். நல்ல விலையும் பேசி முடிந்தது. எடை போடும்போது ஒரு மூட்டையின் தையல் விட்டு மஞ்சள் கொட்டியது. ஒல்லி, குட்டை, உடைசல் எல்லாம் கலந்து கிடந்தது.

"ஏனுங்க, சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணாட்ட இருக்குதுங்களே?" என்றார் வியாபாரி.

மாமா இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நாந்தானுங்க மாமா பொறுக்குனேன். ஒடஞ்சது ஒண்ணுகூட வராமப் பாத்துக்கிட்டேனுங்க!"

மண்டியே சிரித்தது.

"புள்ள வெவரந் தெரியாமப் பண்ணிப்போட்டா. தப்பு என்னுதுங்க. மூட்டையப் பாத்து வெல போடுங்க" என்றார் மாமா. விலை இறங்கியது. திரும்பும் வழியில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அடுத்த வருஷம் அதே வியாபாரி எங்கள் ஒவ்வொரு மூட்டையிலும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். மாமா துண்டை மடித்தபடி வேறு பக்கம் பார்த்து நின்றார். அதன்பிறகு மாமா இருந்தவரைக்கும் அப்படித்தான் நடந்தது.

வீட்டில் மற்றவர்களுக்கு இது பெரிய தமாஷ். நான் விருந்தாளிக்கு முறுக்குத் தட்டை நீட்டினால் போதும், "இது சாம்பிளா, மூட்டையா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட என் வீட்டுக்காரர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்.

மாமா மட்டும் கடைசிவரை இதைச் சொல்லிச் சிரித்ததே இல்லை. ஒரே ஒரு தடவை அவர் சிரித்திருந்தால், நானும் இவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.