லைட்டா பயப்படுங்க

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கல்யாணம் பண்ணி, மூன்று பிள்ளை பெற்று, தொழில் நடத்தி, பாதித் தேனிக்கு லைசென்ஸும் வாங்கிக் கொடுத்துவிட முடியும். அல்லிநகரத்தில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்தவர் அப்படித்தான் வாழ்கிறார். கிளட்ச், கியர், பிரேக் என்று அவர் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை பாகங்களின் பெயர்கள். அவர் சொந்தமாகச் சம்பாதித்த ஆங்கிலம் 'லைட்டா' மட்டும்தான். ஊருக்கு அவர் லைட்டா மாஸ்டர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம்.

நான் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. கணவருக்குக் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கணக்கு வேலை, சனிக்கிழமைதான் வருவார். அதுவரை கார் உறை போட்டுத் தூங்கும். ஒன்பதாவது படிக்கிற ஒரே பையன். அவன் தும்மினால் தெர்மாமீட்டரைத் தேடுவேன். தும்மாவிட்டால் ஏன் தும்மவில்லை என்று யோசிப்பேன். அவசரத்துக்கு வண்டி எடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா? அதனால் சேர்ந்தேன்.

முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்ததுமே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மாஸ்டர், எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"பயப்படலாம் யக்கா, யாரு வேண்டாம்னா? லைட்டா பயப்படுங்க."

டிரைவிங் ஸ்கூல் காரில் இடப்பக்கத்து ஆளுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஆக்சிலரேட்டர் மட்டும் கிடையாது. அந்த இடப்பக்கத்து சீட்தான் மாஸ்டரின் சிம்மாசனம். அவர் கார் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. காலையில் சைக்கிளில் வருவார், சாயங்காலம் சைக்கிளில் போவார். கேட்டால், "நானும் ஓட்டப் போயிட்டா ஸ்கூல யாரு நடத்துறது?" என்பார்.

'லைட்டா' என்றால் கொஞ்சமாக, மெதுவாக. அது எல்லாருக்கும் தெரியும். மாஸ்டருக்கு அது போதாது. உலகத்தில் உள்ள எதையும் அந்தச் சொல்லுக்குள் மடித்து வைத்துவிடுவார். "லைட்டா ஒரு லாரி வருது யக்கா" என்பார். வருவது தேங்காய் ஏற்றி, ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும் லாரி. "லைட்டா எருமை" என்றால் ஒரு மந்தை. ஒருமுறை முன்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கியபோது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துவிட்டு, "லைட்டா வாய்க்கா" என்றார். அந்த வாய்க்காலில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லை அவர் இழுக்கும் நீளத்தை வைத்துத்தான் ஆபத்தை அளக்க வேண்டும். சட்டென்று முடித்தால் ஆட்டுக்குட்டி. நீட்டினால் அரசு பஸ்.

டீக்கடையிலும் இதே பாடுதான்.

"மாஸ்டர், டீ லைட்டாவா?"

"லைட்டா ஸ்ட்ராங்கா போடு."

"யோவ், ஏதாவது ஒண்ணுல நில்லுய்யா! லைட்டாவா, ஸ்ட்ராங்கா?"

"அதான் சொல்லிட்டேன்ல!"

ஒருநாள், "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா மாஸ்டர்?" என்று கேட்டேன். "லைட்டா ஆயிருச்சு யக்கா" என்றார். பிள்ளைகள்? "மூணு. கடைசி ரெண்டும் லைட்டா ரெட்டப் பிள்ளைக."

இன்னொரு நாள் மொட்டைத் தலையோடு வந்தார். அப்பாவுக்கு லைட்டா மாரடைப்பு என்றார்.

"ஐயையோ! இப்ப எப்படி இருக்காக?"

"காரியம் முடிஞ்சுருச்சு யக்கா."

அன்று சாயங்காலம் பையனுடைய ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஒளி, கனமில்லாதது, வெளிர் நிறம், தீ மூட்டுவது, எளிதில் கலையும் தூக்கம் என்று அந்தச் சிறிய சொல்லுக்கு அர்த்தம் இறங்கிக்கொண்டே போனது. பையன் எட்டிப் பார்த்து, "மாஸ்டரோட அர்த்தம் இதுல இருக்காதும்மா. இன்னும் அச்சடிக்கல" என்றான்.

அகராதியில் முதலாவதாக இருந்த ஒளிக்கு மட்டும் மாஸ்டர் அந்தச் சொல்லைத் தரவே மாட்டார். பொழுது சாய்ந்ததும், "லைட் போடவா மாஸ்டர்?" என்றால், "வெளக்கா? போடுங்க யக்கா" என்பார். "அப்ப லைட்டாவையும் லேசான்னு தமிழ்ல சொல்லலாமே?" என்றேன். "லேசாங்கிறது வீட்டுக்குள்ள பேசுறது யக்கா. ரோட்டுல எடுபடாது."

டெஸ்டுக்கு முந்தைய வாரம், நீண்ட தூரம் ஓட்டிப் பழகட்டும் என்று குச்சனூருக்கு அழைத்துப் போனார். சனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது என் செல்போன் அடித்தது. பையனின் விளையாட்டு ஆசிரியர். பள்ளிக்கூட மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டான், பின்மண்டையில் அடி, வாந்தி எடுத்தான், தேனியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றார்.

போனை மாஸ்டரிடம் நீட்டினேன். கேட்டுக்கொண்டார். அவர் முகம் சுண்டிவிட்டது.

"நீங்க இடப்பக்கம் ஏறுங்க யக்கா. நான் எடுக்கேன்."

வலப்பக்கத்தில் ஏறியவர் சீட் பெல்ட்டை இடது தோளுக்கு மேலே தேடினார். கிளம்பிய வண்டி துள்ளி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கால்கள் வண்டியை நிறுத்த மட்டுமே பழகியிருந்தன. ஆக்சிலரேட்டர் கொடுப்பது எங்கள் வேலை. ஒருவழியாக நகர்ந்தபோது எதிரே ஓர் ஆட்டோ வந்தது. பழக்கதோஷத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்க அவருடைய வலக்கை வலப்பக்கமாக நீண்டது. அங்கே கதவுதான் இருந்தது. தென்னந்தோப்பு ஓரமாகப் போய் நின்றோம்.

"யக்கா... புள்ளைக்குன்னு கேட்டதும் காலு நிக்க மாட்டேங்குது யக்கா."

அவர் முழங்கால் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியவில்லை. ஒரே காரில் இரண்டு பேரும் பயந்தால் யார் ஓட்டுவது?

"இங்கன வாங்க மாஸ்டர். நான் ஓட்டுறேன்."

அன்று அவர் ரோட்டில் இருந்ததை இருந்தபடியே சொன்னார். "முன்னால லாரி. பெரிய லாரி. பொறுங்க." "ஸ்கூட்டர்ல ஒரு பெரியவர், காது கேக்காது போல, தள்ளியே போங்க." "பஸ்காரன் வழி விட மாட்டான், விட்டுருங்க." லாரி லாரியாகவே வந்தது, எருமை எருமையாகவே நின்றது. இதையெல்லாம் இத்தனை நாளும் முழுசாகப் பார்த்தவர், எனக்கு மட்டும் நான் தாங்குகிற அளவுக்குக் கிள்ளிக் கொடுத்திருக்கிறார்.

வீரபாண்டி தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டிருந்தார்.

"என்ன மாஸ்டர் இது?"

"கீழ வச்சா நடுக்கத்துல பிரேக்க மிதிச்சுருவேன் யக்கா. நீங்க போங்க."

போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் காலை இறக்கவே இல்லை.

தலையில் கட்டோடு பையன் உட்கார்ந்திருந்தான். ஸ்கேனில் பயமில்லை என்றார்கள். "நீயாம்மா ஓட்டிட்டு வந்த?" என்று கேட்டவன், அடிபட்டதை மறந்து சிரித்தான். வெளியே வந்தேன். உள்ளே வரத் துணியாமல் மாஸ்டர் பெஞ்சில் இருந்தார். "நல்லா இருக்கான் மாஸ்டர். தையல் போட்டுருக்காக, அவ்வளவுதான்" என்றேன். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சில மாதங்கள் ஆகிவிட்டன. பள்ளிக்கூடத்து நம்பரிலிருந்து போன் வந்தால் இன்னும் எனக்குப் பயம்தான். ஆனால் லைசென்ஸ் வாங்கிவிட்டேன், வண்டியும் ஓட்டுகிறேன். பையனைப் பின் சீட்டில்தான் ஏற்றுகிறேன். என் கைப்பை, காய்கறிப் பை எல்லாம் அவன் மடியில்.

"முன்னாடிதான் எடம் காலியா கெடக்கேம்மா" என்கிறான்.

அவனுக்குத் தெரியாது. அங்கே ஒருத்தர் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்.