இரண்டாம் மாடியில் நூற்றுப் பதினெட்டு புத்தகங்கள்

மதிப்புக்குரிய செய்திமடல் ஆசிரியர் தம்பி செழியனுக்கு,

நூல் வழங்கும் பிரிவிலிருந்து நஜ்முன்னிசா எழுதிக்கொள்வது. வணக்கம். ஆண்டவன் கிருபையில் நானும் என் பிரிவும், மூன்று மாதமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் என் கணிப்பொறியும் சுகம். உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் சொன்ன தைலத்தைத் தேய்த்தீர்களா, இல்லை அதையும் என் போன மாதத்துக் கட்டுரை மாதிரி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டீர்களா?

நம் பல்கலைக்கழக நூலகத்தின் செய்திமடலில் ‘பணியாளர் செய்திகளும் பணிமுறை மேம்பாடுகளும்’ என்ற பக்கத்துக்கு அரைப்பக்கம் எழுதிக் கேட்டிருந்தீர்கள். அரைப்பக்கத்தில் அடக்க நான் செய்தது என்ன அரைகுறை வேலையா? முழுசாகவே எழுதுகிறேன். இடமில்லை என்று வெட்டிவிட்டு அங்கே நூலக வாசல் ரோஜாச்செடிப் படத்தைப் போடும் வேலையெல்லாம் இந்தத் தடவை வேண்டாம், இப்போதே சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் மாடியில் பார்வை நூல் கூடம் இருக்கிறதே, வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாத தடித்தடிப் புத்தகங்கள் உள்ள கூடம், அதைப் பற்றி ஆடி மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அங்கே ஒரு நாளைக்குப் பத்தொன்பது புத்தகம்தான் படிக்கப்படுகிறதாம். மூன்று மாதத்தில் நூறைத் தொடாவிட்டால் கூடத்தை விடைத்தாள் கட்டு அடுக்கும் அறையாக்கிவிடுவார்களாம், அங்குள்ள தற்காலிகப் பணியாளரையும் நிறுத்திவிடுவார்களாம். தற்காலிகப் பணியாளர் என்றால் வேறு யார், நம் பேச்சாயிதான். சித்தையன்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து பதினொரு வருஷமாக அந்தக் கூடத்தில் புத்தகம் அடுக்குகிறவள். புருஷன் இல்லை, மகள் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறது. சுற்றறிக்கையை நான் வாசித்துக் காட்டியதும் அவள் அழவுமில்லை, ஆத்திரப்படவுமில்லை. “யக்கா, அப்ப இந்தப் புது யூனிபாரம் சேலைக்கு ஜாக்கெட்டு தைக்கக் குடுக்கவா, வேணாமா?” என்று மட்டும் கேட்டாள். “குடுறீ, நான் இருக்கேன்ல. அந்த நம்பரு மட்டும் ஏறணும், அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டேன். வாய் சொல்லிவிட்டதே தவிர, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு புத்தகம் படிக்கப்பட்டது என்று நூலகத்துக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் பத்திரிகைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு மேசைமேல் கிடக்கும் புத்தகங்களை ஸ்கேனரால் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணிக்கொள்வோம். மேசையில் கிடந்தால் படித்தது, அலமாரியில் நின்றால் படிக்காதது. கோளாறு எங்கே என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபட்டுவிட்டது. நம் பிள்ளைகள் அநியாயத்துக்கு ஒழுக்கம், படித்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள், கணக்கில் வருவதில்லை. உடனே ‘புத்தகத்தை அலமாரியில் வைக்காதீர், மேசையில் விட்டுச் செல்வீர்’ என்று ஆறடிப் பலகை எழுதி வைத்தேன். பலகையைத் தொங்கவிட்ட ஆணி சுவரோடு பெயர்ந்து முதல் நாளே பலகை கீழே விழுந்து, கலைக்களஞ்சிய அலமாரிக் கண்ணாடி சுக்குநூறானது உண்மைதான். ஆனால் அந்தச் சத்தத்தில் நாலு துறை மாணவர்கள் மாடியேறி வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் பலகையையும் படித்தார்கள். இதைவிட நல்ல விளம்பரம் உண்டா? பத்தொன்பது நாற்பத்தொன்று ஆனது.

அடுத்தது மின்விசிறி. கூடத்தில் பதினாலு மின்விசிறி, அதில் ஆறு சுற்றி நாலு வருஷமாகிறது. மின்பிரிவு அந்தோணிராஜுக்கு ஒன்பது கடிதம் எழுதினேன், பத்தாவதாக நானே சாப்பாட்டுத் தூக்கோடு அவர் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “மேடம், ஆர்டர் வரட்டும், மறுநாளே ஆள் அனுப்புறேன்” என்றார். “வரட்டும், வரட்டும். அது வர்ற வரைக்கும் நான் இங்கனயேதான் இருப்பேன். நீங்க ஒங்க வேலையப் பாருங்க” என்று தூக்கைத் திறந்தேன். கருவாட்டுக் குழம்பு. செத்த நேரத்தில் அவரே ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆறும் சுற்றியது. சுற்றியதும் நாலு வருஷத்துத் தூசி மொத்தமும், கொய்யா நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆயக்குடியிலிருந்து வெள்ளைச் சட்டையில் வந்திருந்த ஒரு பெரியவர் தலையில் இறங்கியது. மனிதர் சாம்பல் பூசணிக்காய் மாதிரி எழுந்து போனார், திரும்பி வரவில்லை. போகட்டும், ஒருத்தர் போனால் நூறு பேர் வந்தார்கள். நாற்பத்தொன்று அறுபதாகி, எண்பதாகி, ஒரே மாதத்தில் நூற்றுப் பதினெட்டில் வந்து நின்றது.

நின்றது என்றால் நின்றேவிட்டது. கடந்த இருபத்து மூன்று வேலை நாட்களாக தினமும் நூற்றுப் பதினெட்டு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. கூடத்தில் மொத்தம் நூற்றிருபது நாற்காலி, கால் ஒடிந்த இரண்டு போனால் மீதி நூற்றுப் பதினெட்டு. ஆக ஆளுக்கொரு புத்தகம்! இப்படி ஒரு ஒழுங்கை எந்த ஊர் நூலகத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? நம் நூலகரே, மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார், இந்த எண் ஏறியதை நான் கோடு போட்டுக் காட்டிய வரைபடத்தைப் பார்த்துவிட்டு “பரவால்லையே” என்றார். பேச்சாயியிடம் காட்டினேன். “நல்லாருக்குக்கா” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படிப்பு வாசனை குறைவு, பாவம், கோட்டுப் படம் புரியவில்லை.

இன்னொரு அதிசயம், அதிகம் படிக்கப்பட்ட புத்தகம் எது தெரியுமா? தோல் பதனிடும் தொழில்நுட்பக் களஞ்சியம், நாலு பாகம், பாகத்துக்கு ஆயிரத்து இருநூறு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். நாலு பாகமும் ஒரு நாள் விடாமல் மேசையில்! நம் ஊர்த் தோல் தொழிலுக்கு ஒரு புதுத் தலைமுறை எழும்பி வருகிறது என்று நான் அறிக்கையிலேயே எழுதிவிட்டேன். தோல் மண்டியில் இருக்கும் என் தம்பி தப்ரேஸிடம் சொன்னால், “ஏக்கா, முப்பது வருசமா தோல்ல கெடக்குறேன், எனக்கே அப்பிடி ஒரு புக்கு இருக்கறது தெரியாது. எவன் படிக்கிறான்?” என்கிறான். படிக்காதவனுக்குப் பொறாமை. தினமும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பாஸிலா என்ற வணிகவியல் மாணவியைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் ‘மாதத்தின் சிறந்த வாசகி’ சான்றிதழ் கொடுத்தேன். புத்தகத்தில் என்ன பிடித்தது என்று கேட்டதற்கு, பிள்ளை கொஞ்சம் முழித்துவிட்டு, “நல்ல கனம் மேடம். காத்துக்கு அசையாது” என்றாள். என்ன ஆழமான பதில் பாருங்கள்.

இன்றைக்குத்தான் ஆய்வுக் குழு வந்திருக்கிறது. கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கிக் காரில் வந்து, இதோ இந்நேரம் இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள். மேலே பேச்சாயி தனியாகத்தான் இருக்கிறாள். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லி அனுப்பினேன். நான் கீழே வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு அவர்கள் இறங்கி வரக் காத்திருக்கிறேன். காத்திருக்கும் நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். முடிவு எனக்கு இப்போதே தெரியும், தம்பி. கூடம் நிற்கும், பேச்சாயியும் நிற்பாள். எல்லாம் ஒரு பலகையும் ஒரு தூக்குக் கருவாட்டுக் குழம்பும் இந்த நஜ்முன்னிசாவின் மூளையும் செய்த வேலை.

உங்கள் பேனாவும் உங்கள் அம்மாவின் முட்டியும் தடங்கலில்லாமல் ஓட துஆ செய்கிறேன். அலுவலகத்தில் எல்லாருக்கும், என்னைப் பிடிக்காதவர்கள் உட்பட, என் விசாரிப்பைச் சொல்லவும்.

இங்ஙனம்,
நஜ்முன்னிசா,
நூல் வழங்கும் பிரிவு

பி.கு.: மணி ஐந்தரை. தம்பி, மேலே எழுதியதில் ஒரு வரிகூட அச்சுக்குப் போகக் கூடாது. குழுவில் வந்த அம்மா மாடியேறிய களைப்பில் ஒரு மின்விசிறிக்குக் கீழே உட்காரப் போயிருக்கிறார். நாற்காலியில் தோல் களஞ்சியம் இரண்டாம் பாகம் இருந்திருக்கிறது. அதை எடுத்து நகர்த்தியதும் பக்கத்தில் இருந்த பாஸிலா, “மேடம், அங்க ஆள் வருது. புக்கு போட்டிருக்கு பாருங்க” என்றிருக்கிறாள். பஸ் ஜன்னல் வழியாத் துண்டு போட்டு எடம் பிடிக்கிற ஊர்ப் பிள்ளைக இல்லையா! அந்த அம்மா சுற்றிப் பார்த்தால், ஆள் இன்னும் வராத நாற்காலியில் எல்லாம் ஒவ்வொரு தடிப் புத்தகம் உட்கார்ந்திருக்கிறது. வந்து உட்கார்ந்த பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்காமல் மேசையில் தள்ளி வைத்துவிட்டு, அரசுத் தேர்வுக்குச் சொந்த நோட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எண்ணியது படித்த புத்தகத்தை இல்லை, துண்டை.

அதுவும் போட்டது யார்? பேச்சாயி! ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு பஸ் பிந்தும், வருவதற்குள் காற்று வரும் இடமெல்லாம் போய்விடும் என்று போனில் சொல்வார்களாம். இவள் காலையிலேயே ஒரு நாற்காலி விடாமல் ஒவ்வொரு புத்தகம் போட்டு வைத்துவிடுவாளாம். அந்த அம்மா கேட்டதற்கு ஒன்றையும் மறைக்கவில்லை. “அக்கா நம்பரு ஏறணும்னாங்க. புள்ளைகளுக்கு எடம் வேணும். ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டேம்மா” என்றிருக்கிறாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தாராம். கூடத்தைப் பூட்டக் கூடாது, பாதி அலமாரியைக் கீழே இறக்கி இன்னும் நாற்பது நாற்காலி போட வேண்டும், இடம் ஒதுக்கும் பொறுப்பு இனிமேல் பேச்சாயிக்கே, அவளை நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். என் வரைபடத்தை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஏண்டி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்று கத்திவிட்டேன். “சொன்னா நீங்க ரூலு பேசுவீகளேக்கா” என்றாள். பேசியிருப்பேன், தம்பி. சத்தியமாகப் பேசியிருப்பேன், கூடமும் பூட்டியிருக்கும். கோபம் போய் அழுகை வந்துவிட்டது, அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதனால் நீங்கள் கேட்ட அரைப்பக்கம்கூட வேண்டாம், நாலு வரி போதும். இரண்டாம் மாடிக் கூடத்தைக் காப்பாற்றியவர் பேச்சாயி என்று அவள் பெயரில் போடுங்கள், இனிஷியலோடு போடுங்கள். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பதினொரு வருஷமா வருகைப் பதிவேட்டுல ‘பேச்சாயி, தற்காலிகம்’னு என் கையாலதான் எழுதிட்டு வாரேன். இந்தா, மேல போயி கேட்டுட்டு வந்து சொல்றேன், அதுவரைக்கும் அச்சுக்குக் குடுத்துறாதீங்க.