‘வேற சொல்லு’ அம்மா

இலவசமாகக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொல்லியும், வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போன ஒரே இடம் இந்த உலகத்தில் செஞ்சி கடைத்தெருவில் இருந்த ஆணிக்கடை வாசல்தான். இதை நான் அடித்துச் சொல்வேன். அந்த வாசலுக்கு நேர் மேலே, மாடி அறையில்தான் நான் அப்போது குடியிருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சி தாலுகா ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. அந்த ஊரில் சூரியன் இறங்கினாலும் வெயில் இறங்காது. பகலெல்லாம் குடித்த சூட்டைச் சுற்றிலும் இருக்கிற பாறைகள் மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். அதில் பெரும்பங்கு என் தகரக் கூரைக்கு வந்து சேரும். கீழே ஆணிக்கடை. கடைக்குப் பின்கட்டில் வீடு. வீட்டில் கடைக்காரரும் அவர் மனைவியும். பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகித் திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் போய்விட்டார்கள்.

ஆணிக்கடைக்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். இவருக்கு மூக்கே கோபத்தால் ஆனது. பூட்டு வாங்க வந்தவன் பூட்டைக் கையில் எடுத்தால், "வாங்கப் போறியா, சும்மா தடவிப் பாக்கறியா?" என்பார். ஆணி கேட்டால் எதற்கு என்று விசாரிப்பார். காலண்டர் மாட்ட என்றால், "மாட்டி இன்னா கிழிக்கப் போற?" என்பார். கடைத்தெருவிலேயே நல்ல டார்ச் லைட், உயரமான ஏணி, காற்றுக்கு மடங்காத குடை, மேசை விசிறி எல்லாம் அவரிடம்தான் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. கேட்டவனுக்குப் பொருள் கிடைக்காது, அர்ச்சனை மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

ஒரு நாள் காலையில் கடை திறக்கச் சாவியை எடுத்தவர், அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

சாவுக்குக் கடைத்தெரு முழுவதும் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் பாடியது ஒரே பாட்டுத்தான். தங்கமான மனுசன், அள்ளிக் கொடுக்கிற கை, சிரித்த முகம், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். எதிர்க்கடை மிட்டாய்க்காரர் தேம்பித் தேம்பிச் சொன்னதைக் கேட்டு நானே ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டேன், படுத்திருப்பது நம் வீட்டுக்காரர்தானா என்று. அவர் மனைவி, அந்த அம்மா மட்டும் அழாமல், பேசுகிற ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்ததும் பெண்கள் கிளம்புகிற நேரத்தில் பேச்சு வந்தது.

"நைனா சாமானெல்லாம் இன்னாத்துக்கும்மா வூட்ல? பாக்கப் பாக்க உனக்குத்தான் கஷ்டம். யாருக்காவது குடுத்துடு" என்றாள் பெரியவள்.

"குடுக்கலாம். யாருக்காவதுன்னா யாருக்கு?"

"யாருக்கோ ஒருத்தருக்கு. இல்லாதவங்களுக்கு."

"யாருக்கோ குடுத்தா உங்க நைனா எழுந்து வந்துடுவாரு" என்றார் அம்மா.

பெண்கள் பஸ் ஏறின மறுநாள் அவர் கடையைத் திறந்தார். வாசல் பலகையில் கணவரின் சாமான்களைப் பரப்பினார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தாலி இறங்கி மாதம்கூட ஆகாத பொம்பளை வாசலில் உட்காருவதா என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வேண்டிய பொருளை எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம். ஆனால் கணவரைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அது நிஜமாக இருக்க வேண்டும்.

பூ என்று ஊதிவிடலாம் என்றுதான் ஊர் நினைத்தது. முதல் ஆளாக மிட்டாய்க்கடைக்காரர் வந்து குடையைப் பிடித்தார்.

"அள்ளிக் குடுக்கிற கைம்மா அவரு கை."

"உனக்கு இன்னா குடுத்தாரு?"

"எனக்குன்னு இல்ல... பொதுவா..."

"பொய். வேற சொல்லு."

"சிரிச்ச முகம்."

"நீ எப்பப் பாத்த? நானே பாத்ததில்ல. வேற சொல்லு."

குடை பலகைக்கே திரும்பியது. அடுத்து பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர், அவருக்குக் குழந்தை மனசு என்றார். "குழந்தைங்கள கண்டா கடைக்குள்ள வராதேன்னு கம்ப எடுப்பாரு. வேற சொல்லு." சாய்வு நாற்காலியின் மேல் கண் வைத்திருந்த தமிழ் வாத்தியார் ஒருவர் அடுக்குமொழியில் ஒரு சொற்பொழிவே செய்தார். அம்மா பொறுமையாகக் கடைசி வரை கேட்டார். "ரொம்ப நல்லா இருந்துது ஐயா. யாரைப் பத்தின்னு சொல்லவே இல்லியே" என்றார்.

அந்த வாரத்திலேயே ஊர் அவருக்கு ‘வேற சொல்லு’ அம்மா என்று பெயர் வைத்துவிட்டது. தாலுகா ஆபீசில் என் மதிப்பு திடீரென்று உயர்ந்தது. அந்த வீட்டிலேயே குடியிருக்கிறவன் ஆயிற்றே! ஹெட் கிளார்க் எனக்குப் போண்டா வாங்கிக் கொடுத்து, "ஏதாவது ஒண்ணு உனக்குத் தெரியாமயா இருக்கும்?" என்று குழைந்தார். நானும் மூளையைக் கசக்கினேன். எனக்கே ஒன்று தேவைப்பட்டது. மேசை விசிறி என் கண்ணைவிட்டு அகலவில்லை. பங்குனி பிறந்து தகரக் கூரை தோசைக்கல்லாகிக்கொண்டிருந்தது.

ஒரு மாலை படியேறப் போனவன் நின்று கேட்டேன். "ஏம்மா இப்படி ஜனங்களைப் போட்டு வாட்டறீங்க? ஏதோ சொல்றாங்க, குடுத்துட்டுப் போங்களேன்."

அம்மா முக்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, அன்னிக்கு வந்தவங்க அத்தினி பேரும் அழுதாங்க. தங்கமானவருக்கு அழுதாங்க, சிரிச்ச முகத்துக்கு அழுதாங்க. அது எவனோ. எங்க வூட்டுக்காரரு செத்ததுக்கு இந்த ஊர்ல ஒருத்தரும் அழல. ஒருத்தராவது அவர நெனைக்க வேணாமா? அவரு இருந்த மாதிரியே?"

நான் மாடிக்குப் போய்விட்டேன்.

பிறகு ஒரு சந்தை நாளில், மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி தாழ்ப்பாள் வாங்க வந்தார். அவருக்கு நிபந்தனையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பலகையில் இருந்த டார்ச் லைட்டைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"இந்த டார்ச்சுதான்! இதே டார்ச்சுதான்!"

"வேணும்னா எடுத்துக்க. அவரைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டு" என்றார் அம்மா.

"நல்ல வார்த்தையா? அந்தாளுக்கா?" விவசாயி தாழ்ப்பாளைக் கீழே வைத்தார். "அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்ட்டு வந்தோம்மா. நானு, வூட்டுக்காரி, கைக்குழந்தை. கூட்டத்துல பஸ்ச வுட்டு, இங்க வந்து சேர்றப்பவே இருட்டிப் போச்சு. எங்க ஊருக்கு வண்டி இல்ல. இவருகிட்ட வந்து டார்ச்சு கேட்டேன். காலையில குடுத்துடறேன்னேன். 'உங்கிட்ட குடுத்தா பல்பு பூடும்'னு சொல்லிட்டாரு."

"அப்புறம்?"

"கடைய சாத்திட்டுத் தானே டார்ச்ச எடுத்துக்கினு முன்னால நடந்தாரு. வழி முச்சூடும் திட்டு. 'கால தூக்கி வைடா, செருப்பு தேயுது'ன்னு. என் செருப்பு தேஞ்சா அவருக்கு இன்னாம்மா? அவரு போட்ட சத்தத்துல தூங்கின குழந்தை முழிச்சிக்கிச்சு. வூட்டு வாசல்ல நின்னு, 'சீக்கிரம் வெளக்க ஏத்துடா, பேட்டரி தீருது'ன்னாரு. தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு சொம்ப நீட்டினேன். சொம்பு சரியா கழுவலன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போய்ட்டாரு!"

அம்மா முக்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சொம்பு கழுவலன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"மூஞ்ச இப்படி வச்சிக்கினா?" அம்மா மூக்கைச் சுருக்கிக் காட்டினார்.

"அதே மாதிரிதான்!"

அம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். சாவன்று வராத அழுகை முழுவதும் அப்போது வந்தது. விவசாயி பயந்துபோய், "நான் தப்பா ஒண்ணும்..." என்று தடுமாறினார். அம்மா டார்ச் லைட்டை எடுத்து அவர் கையில் வைத்து அழுத்தினார். "அவருதான். அது அவருதான். எடுத்துக்கினு போப்பா" என்றார்.

செய்தி கடைத்தெருவில் தீயாய்ப் பரவியது. புகழ்ந்தவனுக்குக் கிடைக்காதது திட்டினவனுக்குக் கிடைத்துவிட்டது என்றால் சும்மா இருப்பார்களா? மறுநாள் ஊரே மனத்தாங்கலைக் கட்டிக்கொண்டு வந்து நின்றது. சுண்ணாம்பு அடிக்கிறவர் சொன்னார்: "ஏணி கேட்டேன், தரல. தானே தோள்ல சுமந்துக்கினு வந்து, நான் எறங்கற வரைக்கும் அடியில புடிச்சிக்கினு நின்னாரு. சுண்ணாம்பெல்லாம் அவர் தலையில. 'ஏணிக்குக் கால் தேயுது, சீக்கிரம் அடி'ன்னு என் உயிர வாங்கிட்டாரு." ஏணி அவருக்குப் போயிற்று.

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது. மனிதர் எந்தப் பொருளையும் இரவல் கொடுத்ததில்லைதான். பொருளோடு தானே கிளம்பிப் போயிருக்கிறார்.

திட்டினால் போதும் என்று நினைத்தவர்களும் ஏமாந்தார்கள். மிட்டாய்க்கடைக்காரர் மறுபடி வந்து, "என் கழுத்தப் புடிச்சுத் தள்ளினாரும்மா" என்றார்.

"பொய். அவரு யாரையும் தொடமாட்டாரு, வேர்வை ஒட்டிக்கும்னு. வேற சொல்லு."

மிட்டாய்க்கடைக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு அவரைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. இத்தினி வருஷமா எதிர்க்கடை. ஒரு நாளும் நின்னு பேசினதில்ல. அதான் நெஜம்."

அம்மா குடையை அவரிடம் நீட்டினார். "மழை வர்றப்ப சொல்லியனுப்பு, வந்து பாக்கறேன். கம்பி வளைஞ்சிருந்துதோ, திருப்பி வாங்கிக்குவேன்" என்றார்.

என் முறை வந்தது. நான் போய் நின்று விசிறியைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது என் மனத்தில் வெகு நாளாகக் குமைந்துகொண்டிருந்த விஷயம்தான். இலாகா பரீட்சைக்குப் படிக்கும்போது விசிறி கேட்டிருந்தேன். தரவில்லை. தினமும் சாயங்காலம் அவரே அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, என் எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினால் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவார். "விசிறி படிக்கிறவனுக்கு. சொவத்தப் பாக்கறவனுக்கு இல்ல" என்பார். வேர்வைக்குப் பயந்தே நான் முதல் தடவையில் பாஸ் செய்தேன். ஆபீசில் அப்படிப் பாஸ் செய்தவன் நான் ஒருத்தன்தான்.

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "படியேறி வந்து முட்டி வலிக்குதுன்னு என்னத்தான் திட்டுவாரு. எடுத்துக்க தம்பி. விசிறி உன்னுது. கரண்டு என்னுது. பத்து மணிக்கு நிறுத்திடணும்."

நான் அந்த வீட்டில் இருந்த வரைக்கும், பத்தடித்தால் கீழேயிருந்து ஒட்டடைக்கோலால் என் தரையைத் தட்டுவார்.

கடைசியில் பலகையில் மிஞ்சியது அவருடைய மூக்குக்கண்ணாடி. ஒரு காது நூலால் கட்டியது. அதை அம்மா எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"அது எனக்கு."

"அப்ப நீங்களும் சொல்லணும்."

என்னை முறைத்தார். பிறகு யோசித்தார். "நல்லாப் பாத்துக்கினாரு" என்றார்.

"பொய். வேற சொல்லுங்க" என்றேன் நான். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ!

அம்மா கண்ணாடியின் நூலைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒரு நாளும் என் சமையல நல்லாருக்குதுன்னு சொன்னதில்ல. உப்பு இல்ல, உறைப்பு இல்ல, மூணு வேளையும் திட்டு. ஆனா அவரு தின்னு முடிச்சும் எழுந்திருக்கமாட்டாரு. நான் போட்டுக்கினு உக்காந்து தின்னு முடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்திருப்பாரு. கை காஞ்சு பூடும். கழுவிக்கினு போங்களேன்னா, 'நீ கொட்டிக்கிறது நின்னா நான் எழுந்திருக்கறேன்'னுவாரு. இப்பத் தனியா உக்காந்து திங்கிறதுதான் தம்பி முடியல."

"எடுத்துக்குங்கம்மா" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து மாற்றலாகிப் போகிற வரைக்கும், இரவுச் சாப்பாட்டை ஓட்டலிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஓட்டல் சாம்பாரை அவர் திட்டாத நாள் இல்லை.

வெகு வருஷம் கழித்து அந்த அம்மா காலமான செய்தி தெரிந்து செஞ்சிக்குப் போனேன். பெரிய பெண் சாமான்களை எல்லாம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூலையில் அந்த முக்காலி கிடந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "தாராளமா எடுத்துக்குங்க சார்" என்றாள். வேறு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது, எதையோ திருடிக்கொண்டு போகிறவனைப் போல வழியெல்லாம் கூச்சமாக இருந்தது.

அதனால்தான் இதை எழுதினேன். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை அம்மா. முக்காலியை எடுத்துக்கொள்கிறேன்.