கண் திறந்த விமானம்

நேற்று விமானத்தின் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றியிருந்தாள் யோகேஸ்வரி. இன்று காலை பாதிதான் இருந்தது. ஷெட்டின் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது.

"பேய் பெட்ரோல் குடிக்குமா, ஆசாரியாரே?"

சமுத்திரம் ஆசாரி இழைப்புளியைக் கீழே வைத்தார். "குடிக்கும்னு நான் சொல்லலை. கண்ணு திறந்த வாகனம் சும்மா கிடக்காதுன்னுதான் சொல்லுதேன்."

கண்ணைத் திறந்துவிட்டதே அவர்தான். தொண்ணூறு வருடப் பழைய வரைபடம் ஒன்றை வைத்து, ஒட்டுப்பலகையும் சத்திரப்பட்டித் தறித்துணியுமாக, ஒரே ஆள் உட்காரும் விமானத்தை மம்சாபுரத்துத் தென்னந்தோப்பு ஷெட்டில் இரண்டு வருடமாகக் கட்டியிருந்தாள் அவள். மூக்குக்குச் சிவப்பு அடிக்கச் சொன்னாள். கோயில் வாகனம் செதுக்கியே பழகிய கை. மூக்கின் இரண்டு பக்கமும் உருட்டி விழிக்கிற கண்ணை வரைந்து, கருவிழி வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டார். கண் இல்லாமல் வாகனத்தை வெளியே அனுப்புவது தங்கள் வழக்கத்திலேயே இல்லையாம்.

அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது. நெட்டுக்குத்தாக நிறுத்திய மூக்குக் காற்றாடி காலையில் குறுக்கே நின்றது. கூரைக்கு அடியில் கிடந்த இறக்கையில் பனி ஈரம். விடியக்காலம் மலைப்பக்கம் என்னவோ உறுமுகிறது என்று ஊருக்குள் பேச்சு.

யோகேஸ்வரி ஏரோநாட்டிக்கல் படித்தவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. இந்த ஊரிலிருந்து முதலில் பறக்கிறவளும் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். இன்டர்வியூவில் "ஃபேன் மாட்டத் தெரியுமாம்மா" என்று கேட்டுச் சிரித்தவர்களுக்குச் சொல்ல அவளிடம் வேறு பதில் இல்லை.

உப்புத்தாளை எடுத்து இரண்டு கண்ணையும் தேய்த்து அழித்தாள். குருடாக்கினால் கோபம் கூடும் என்று, கூட வேலை பார்த்த இரண்டு பேரும் மறுநாளே நின்றுவிட்டார்கள். தடம் தெரியட்டும் என்று தரையெல்லாம் கோலப்பொடி தூவினாள். காலையில் தடமும் இல்லை, பொடியும் இல்லை. தரை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. வந்த பயத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். கடைசியில், டேங்க்கிலிருந்த பெட்ரோலைச் சொட்டு விடாமல் இறக்கி வீட்டுக்கே கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் டேங்க் நிரம்பியிருந்தது.

ஆசாரி எட்டிப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஏட்டி, இனி நீ ஏறாத. அதுக்கு ஆள் அமைஞ்சிருச்சு."

சாயங்காலத்துக்குள் காற்றாடியில் வேப்பிலை, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். தோப்புக்காரர் சிவபாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். வெள்ளிக்கிழமைக்குள் யோகேஸ்வரி அதில் பறந்து காட்டினால் எடுத்துக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே பீடம் கட்டிவிடுவேன் என்றார். இரண்டு வருட உழைப்பு பொங்கல் வைக்கிற சாமியாகப் போகிறது.

வீட்டில் அம்மா வெள்ளத்தாயிடம் பொரிந்து தள்ளினாள். தினமும் நடப்பதுதான். எந்த ஸ்டிக்கை இழுத்தால் எது தூக்கும் என்பது வரை சோற்றுத் தட்டும் கையுமாகச் சொல்லித் தீர்ப்பாள். ராஜபாளையத்து மில்லுக்கு விடியுமுன்னே கிளம்புகிற அம்மா, தூக்கக் கலக்கத்தில் 'ம்' கொட்டுவாள். அன்றைக்கு மட்டும் கூட ஒரு வார்த்தை சொன்னாள். "பயப்படாமப் போ. அது ஒண்ணும் செய்யாது."

வெள்ளிக்கிழமை காலை, தோப்பை ஒட்டிய வறண்ட கண்மாய்க்குள் ஊரே கூடி நின்றது. யோகேஸ்வரி ஏறி உட்கார்ந்தாள். ஸ்டிக் யார் கைக்கோ ஏற்கெனவே பழகியதுபோல் வழுவழுத்தது. சீட்டில் வேறு ஒருத்தர் உட்கார்ந்து எழுந்த பள்ளம். நான் படிச்சவ, நான் படிச்சவ என்று முணுமுணுத்துக்கொண்டே முடுக்கினாள். புழுதி கிளம்பியது. சக்கரம் தரையை விட்டது. தென்னை உயரத்துக்குத் தடுமாறி எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று குதி குதித்து இறங்கினாள்.

சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எடுத்துக்கொண்டு போ என்று சிவபாண்டி கையைக் காட்டினார். முதல் ஆளாக, நிமிர்ந்து நின்றாள் யோகேஸ்வரி.

கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கிற பிச்சையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஏட்டி யோகு, உங்கம்மாவுக்கு மேலுக்குச் சுகமில்லையா? தெனம் விடியக்காலம் மலையடிவாரம் வரைக்கும் இதுல அலுங்காமப் போயிட்டு வருவாவளே, நீ என்ன ஒரு தென்னையத் தாண்டவே இம்புட்டுப் பாடு படுத?"