எட்டாவது பிரிண்டர்

எட்டாவது பிரிண்டர் வேலை செய்யாமல் இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியின் பேக்கிங் கூடத்தில், கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த சபீனா மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா பாப்பா, ஸ்டிக்கர் வருமா வராதா? லாரிக்காரன் கத்திகினு கீறான்," என்றாள் கெங்கம்மாள். பேக்கிங்குக்கு அவள்தான் பொறுப்பு.

"வரும்க்கா."

எட்டு பிரிண்டர்களும் ஒரே பழைய கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தன. எந்த பிரிண்டருக்கு எந்த எண் என்பது, கம்ப்யூட்டரை உள்ளிருந்து இயக்கும் கர்னல் என்ற புரோகிராமுக்குத்தான் தெரியும். கரண்ட் போய் வந்தால் மறந்துவிட்டு முதலிலிருந்து எண்ணும். மூன்று ஐந்தாகிவிடும். ஓசூருக்குப் போகும் பெட்டியில் பூந்தமல்லி ஸ்டிக்கர் ஏறும்.

அந்த எண்களை டிஸ்க்கில் எழுதி வைக்கச் சொல்லி கர்னலைக் கேட்க, சிஸ்டம் கால் என்று ஒரு கட்டளை உண்டு. அதை அழைக்கும் சின்ன புரோகிராம் ஒன்றைச் சபீனா எழுதினாள். ஏழு பிரிண்டர்கள் எண் மாறாமல் அடங்கிவிட்டன. எட்டாவது மட்டும் மறுநாள் காலையில் ஒன்பது என்று வந்து நின்றது. ஒன்பது என்று ஒன்று இருப்பதே பேக்கிங் சாப்ட்வேருக்குத் தெரியாது.

"இது சரியாகட்டும்மா. அன்னைக்கே உன் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து போட்டுடுறேன்," என்றார் முதலாளி ரகுநாதன். தினமும் காலையில் ஊதுபத்தியோடு ஒவ்வொரு மெஷினாகச் சுற்றி, திரையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்.

வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் போட வேண்டிய கையெழுத்து. இப்போது பதினொன்றாவது மாதம். ஆர்டரைக் காட்டினால்தான் கொரட்டூரில் வீடு தருவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆம்பூரில் அம்மா பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டு, மறுபடி அவிழ்த்துச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

சபீனா கேபிளைத் தடவிப் பார்த்தாள். அது கம்ப்யூட்டரின் பின்னால் வேறு துளையில் இருந்தது. துளை மாறினால் கர்னலுக்கு அது புது பிரிண்டர். புது எண் கொடுத்துவிடும்.

"யாராவது புடுங்கி மாட்டினீங்களாக்கா?"

"யாரு புடுங்குவா? எலிதான் ஓடுது."

பழைய துளையில் மாட்டினாள். எட்டு வந்தது. கவனமாக இருக்க வேண்டும் என்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைத் தானாகவே டிஸ்க்கில் எழுதும்படி புரோகிராமை மாற்றினாள்.

மறுநாள் பத்து வந்தது.

கேபிளை நைலான் கயிற்றால் கட்டினாள். மறுநாள் கயிறு அறுந்து கிடந்தது. பதினொன்று.

"நைலான்னா எலிக்கு உசுரு பாப்பா," என்றாள் கெங்கம்மாள்.

ஒருமுறை டிஸ்க்கில் ஏறிய எண்ணைக் கர்னல் வேறு யாருக்கும் தராது. ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாம் வெறும் துளைகளின் பெயரில் பத்திரமாக இருந்தன. சபீனாவின் புரோகிராம் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

எட்டாம் எண்ணிலேயே ஏதோ கோளாறு என்று கடைசியில் அவள் முடிவு செய்தாள். தன் பிறந்த தேதி மறக்காது என்று பதினேழை எடுத்துக்கொண்டாள். டிஸ்க்கில் எட்டை அழித்துப் பதினேழு என்று எழுதினாள். பேக்கிங் சாப்ட்வேருக்கும் சொல்லிக்கொடுத்தாள். மிச்சத் துளைகளை டேப் ஒட்டி அடைத்தாள். மாலை வரை ஸ்டிக்கர் ஒழுங்காக வந்தது. வீட்டுக்காரருக்கு போன் செய்து, "நாளைக்கு ஆர்டர் கொண்டு வரேன் சார்," என்றாள்.

மறுநாள் காலை சீக்கிரமாகவே வந்தாள். கூடத்தில் ஊதுபத்தி வாசனை. மேசைக்கு அடியில், உரித்த டேப் விரலில் ஒட்டிக்கொண்டிருக்க, கையில் கேபிளோடு கெங்கம்மாள் குந்தியிருந்தாள்.

சபீனாவுக்குக் கோபம்கூட வரவில்லை. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா?"

"மொதலாளி சொன்னாரு. எட்டு ஆகாதாம். திரையில எட்டு வந்தா புடுங்கி வேற ஓட்டையில சொருவச் சொன்னாரு. படிச்ச பொண்ணு, சிரிக்கும், அத்தாண்ட சொல்லாதேன்னாரு."

சபீனா மேசைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் பெயின்ட்டில் எண் இருந்தது. ஏழுக்கு அடுத்த மேசையில் 7ஏ என்று இருந்தது. பதினொரு மாதமாக அதன் மேல்தான் டிபன் பாக்ஸ் வைக்கிறாள்.

"ஆனா இது பதினேழுக்கா."

"ஒண்ணையும் ஏழையும் கூட்டு."

சபீனா கூட்டினாள்.

"இவ்வளவுதானா? பன்னெண்டுன்னு மாத்திடுறேன். ரெண்டு நிமிஷ வேலை. அப்புறம் கையெழுத்து போட்டுடுவாருல்ல?"

கெங்கம்மாள் கேபிளைக் கீழே வைத்தாள். விரலில் இருந்த டேப்பை மெதுவாக உரித்தாள்.

"மிஷினு நம்பர மாத்திடுவ பாப்பா. பதினேழாந் தேதி பொறந்துகினு வந்து நிக்கிறியே, அத்த இன்னா பண்ணுவ? அதுக்கோசரந்தானே அவரு இத்தினி மாசமா கையெழுத்தே போடாம கீறாரு."