பாறையாகப்போகும் தோட்டங்கள்

ருமேனியாவில் எங்கள் மாவட்ட நில அலுவலகத்துக்கு ஒரு வரலாற்றுக் கடமை வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்து வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிட்டு, முப்பது ஆண்டு கழித்து எந்த நிலம் என்னவாகும் என்று கணிக்க வேண்டும். கணினி தெரிந்தவன் என்று எனக்கொரு பெயர் இருந்ததால் அது என் தலையில் விழுந்தது.

கணினி தயங்காமல் சொன்னது: மாவட்டத்தின் பிளம் தோட்டங்கள் எல்லாம் பாறையாகிவிடும்.

காரணம் இருந்தது. பழைய படத்தில் ப்லோப்பா மலை முழுக்கப் பிளம் தோட்டம். இன்றைய படத்தில் வெறும் பாறை. ஆகவே பிளம் தோட்டத்தின் இயல்பு, பாறையாவது.

அந்த மலை அன்று கூட்டுப்பண்ணைக்குச் சொந்தம். பண்ணைத் தலைவர் என் மாமனார் கிரிகோரே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் கேட்டேன்.

"மாமா, அந்த மலைத் தோட்டம் எப்படி அழிஞ்சுது?"

"எந்தத் தோட்டம்?"

"நீங்க பதக்கம் வாங்கினீங்களே, அது."

"அங்க என்னிக்கு மாப்பிள்ளை மரம் இருந்துச்சு? மேலிடம் தோட்டம் கேட்டுச்சு, படத்துல போட்டுக் குடுத்தோம்." சூப்பை உறிஞ்சினார். "அந்தப் பதக்கத்துக்காக இன்னிக்கும் ஓய்வூதியம் கொஞ்சம் கூடுதலா வருது. வெளிய சொல்லித் தொலைக்காத."

மறுநாள் இயக்குநர் ஸம்ஃபிரா அம்மையாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அரசாங்கப் படம் பொய்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதானே?"

"யார் மேடம் போடறது?"

"நீங்கதான்."

மாமனார், மனைவி, வேலை என்ற வரிசையில் யோசித்தேன். கணிப்பு அப்படியே தலைநகருக்குப் போனது.

தலைநகரம் பதறியது. பாறையாவதற்குள் மரங்களை அகற்றுவோருக்கு 'முன்னெச்சரிக்கை மானியம்' அறிவித்தது. காய்க்கிற மரத்தைவிட வெட்டிய மரம் லாபமானது. கடைகளில் கோடாரி கிடைக்கவில்லை. கணித்தவனே வெட்டாவிட்டால் ஊர் எப்படி நம்பும் என்று மேடம் கேட்டதால், தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால் என் கொல்லை மரங்களை நானே வெட்டினேன். என் மனைவி ரோதிகா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமனார் வந்து அடிமரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாங்களும் பொய் சொன்னோம், மாப்பிள்ளை. ஆனா நாங்க சொன்னதை நாங்களே நம்பினதில்ல."

மரம் போன சரிவுகளில் சில ஆண்டுகளிலேயே மழை மண்ணை அரித்துக்கொண்டு போனது. புதிய செயற்கைக்கோள் படத்தில் மாவட்டமெங்கும் பாறை. கணிப்பு பிழையற்றது என்று நிபுணர் குழு பாராட்டி எனக்குப் பதவி உயர்வு தந்தது.

ஊர்க்காரர்கள் வந்து கைகுலுக்கினார்கள்.

"நல்லவேளை சார், நீங்க சொன்னீங்க, முன்னாடியே வெட்டிட்டோம். இல்லேன்னா அத்தனை மரமும் பாறையாப் போயிருக்கும்."