கொட்டாஞ்சேனையில் ஒலித்த ஓம்

கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிதனை மிக்சருக்குப் பக்கத்தில் விடக்கூடாது. (வாயில் போட்டு மெல்லும் மிக்சரைச் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் விட்டாலும் நட்டம்தான்.) மைக் வயர்கள் எல்லாம் வந்து சேர்கிற, உடம்பெல்லாம் குமிழ்கள் முளைத்த பெட்டியைச் சொல்கிறேன். எங்கள் கோயிலுக்கு வாங்கிய மிக்சரில் குமிழ்கள் எழுபத்திரண்டு. பெட்டியைப் பிரித்த அன்றே எண்ணிவிட்டேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். எண்ணாத பொருளை நம்புவது எனக்குக் கஷ்டம்.

கோயில் என்றது, கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் சிறிய கத்தோலிக்கத் தேவாலயத்தை. கூரை தாழ்வு. பாடகர் குழு என்னதான் உருகிப் பாடினாலும் குரல் விழுந்த இடத்திலேயே செத்துப்போகும். புது மிக்சருக்குள்ளேயே அதற்கு மருந்து இருந்தது. ரிவேர்ப் என்று பெயர். ஒரு குமிழைத் திருப்பினால் சின்னத் திரையில் சிவப்பு இலக்கங்கள் ஓடும்; வேண்டிய இலக்கத்தில் அழுத்தினால் குரல் வேறொரு கட்டடத்துக்குக் குடிபோய்விடும். சைபர் முதல் தொண்ணூற்றொன்பது வரை நூறு கட்டடங்கள். மிக்சரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்பதால் (யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்) நூறையும் பரீட்சித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஹலோ".

"நூறு ஹலோ சொல்லியும் ஒருத்தரும் போன எடுக்கல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி ரீட்டா.

பதினாறாம் இலக்கம் பிடித்துப்போயிற்று. பெரிய மண்டபம், குரலுக்குப் பின்னால் மெல்லிய வால். தொண்ணூறுக்கு மேற்பட்டவையோ சுத்த எதிரொலி. சொன்ன சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். "நிற்பாட்டு" என்றால் அதையும் பல தடவை சொல்லும்.

இந்த நேரத்தில்தான் என் ஒரே மகள் ஷாமினியின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கஜன், வெள்ளவத்தைப் பையன், சைவக் குடும்பம். காலையில் எங்கள் கோயிலில் ஆசீர்வாதம், பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் தாலிகட்டு என்று ஏற்பாடு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அந்த ஒரு வரியை உருவாக்க நான் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் ஓடிய ஓட்டத்தில் ஒரு சோடிச் சப்பாத்தின் அடி கழன்றது.

சம்பந்தியம்மாவுக்கு ஒரே பயம். "அங்க வந்தா என்ர பிள்ளை எங்கட சாமிய மறந்திடுவான் அண்ணை" என்று போனில் அழுவார். இந்தப் பக்கம் என் அக்கா பிலோமினா. எங்களை வளர்த்து ஆளாக்கியவள். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். "கோயிலுக்குள்ள ஒரு மந்திரம் கேட்டாலும் நான் எழும்பிப் போயிருவன் தம்பி. வெள்ளவத்தைப் பக்கமும் வரமாட்டன்" என்றாள். சொன்னதைச் செய்கிறவள். இரண்டு பேருக்கும் நான் வாக்குக் கொடுத்தேன். ஒருவருக்கும் ஒரு குறையும் வராது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

ஒத்திகையின்போது ஃபாதர் கஜனுக்குச் சொல்லிக் கொடுத்தார். "நான் கேட்கிற நேரம் 'சம்மதம்' எண்டு சொல்லணும் மகன். சத்தமா."

"ஓம் ஃபாதர்."

"ஓம் இல்ல. சம்மதம்."

"ஓம் ஓம், சம்மதம்."

கஜனுக்குக் குரல் பஞ்சு. அதனால் மணமக்களின் மைக்குக்கும் கொஞ்சம் ரிவேர்ப் கொடுத்தேன். ஃபாதரின் மைக்குக்கு இல்லை. பிரசங்கத்துக்கு வால் தேவையில்லை, ஏற்கெனவே நீளம். இலக்கம் பதினாறு. சரிபார்த்தேன். வீட்டுக்குப் போய், திரும்பி வந்து, இன்னொருமுறை சரிபார்த்தேன்.

கல்யாணத்தன்று பெண்ணின் தகப்பன் மிக்சருக்கு முன்னால் நிற்க முடியாது. "அந்தப் பெட்டியக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறதுக்கா கோட் தைச்சீங்க?" என்று ரீட்டா என்னை முன்வரிசையில் இருத்தினாள். மிக்சர் நான் உட்கார்ந்த வாங்குக்குப் பக்கத்திலேயே ஒரு மேசையில் இருந்தது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மின்விசிறிகளை எண்ணினேன்: எட்டு, ஓடுவது ஆறு. வெள்ளவத்தையிலிருந்து வந்தவர்களை எண்ணினேன்: நாற்பத்தொன்று. அக்காவைப் பார்த்தேன்: ஒன்று, ஆனால் நாற்பத்தொன்றுக்குச் சமம்.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. மெல்ல எம்பி, மேசைக்கு மேலால் எட்டி மிக்சரைப் பார்த்தேன். திரையில் தொண்ணூற்றொன்று!

எவனோ கை வைத்திருக்கிறான். பாடகர் குழுவில் ஒருவர் ஒருவராக எல்லாரையும் சந்தேகித்தேன். பிறகு கையை நீட்டி, குமிழைத் திருப்பு திருப்பென்று திருப்பி, பதினாறு தெரிந்ததும் அழுத்தினேன். அப்பாடா. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

(வாசகர்கள் ஒரு துண்டில் 16 என்று எழுதித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நாற்பது வருடம் இலக்கத்தோடு குடும்பம் நடத்திய நான் அதைச் செய்யவில்லை. பின்பக்கமிருந்து நான் பார்த்த தொண்ணூற்றொன்றுதான் உண்மையான பதினாறு. அதைத் 'திருத்தி' நானே தொண்ணூற்றொன்றாக்கிவிட்டேன்.)

ஃபாதர் மாப்பிள்ளையைப் பார்த்து, முழு மனதோடு வந்திருக்கிறாயா என்று கேட்டார். கஜன் வாயைத் திறந்தான். பயத்தில் ஒத்திகை மறந்துபோயிற்று. 'ஆம்' என்பதற்கு நம்மில் எவரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்.

"ஓம்."

ஓம்... ஓம்... ஓம்... ஓம்... என்று அது கூரையைச் சுற்றத் தொடங்கியது.

வெள்ளவத்தை வாங்குகளில் கைகள் தாமாகவே குவிந்தன. கஜனுடைய பெரியப்பா அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர், திடுக்கிட்டு எழும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "நமசிவாய!" என்று முழங்கினார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

அக்கா எழும்பினாள்.

நான் மிக்சர் மேல் பாய்ந்தேன். எழுபத்திரண்டில் சரியான குமிழை விட்டுவிட்டு வேறொன்றைத் திருகினேன். ஓம் இரண்டு மடங்கு பெருத்தது. ஃபாதர் என்னைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். கோயில் முழுக்க மயான அமைதி. அந்த அமைதியில் ஃபாதர் பெண்ணிடமும் கேட்டார். என் மகள், சிரிப்பை அடக்கிய வாயோடு, மைக் இல்லாமல் "சம்மதம்" என்றாள். முதல் வாங்குக்கு அப்பால் யாருக்கும் கேட்கவில்லை. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை ஒன்பது தடவை சம்மதிக்கிறார். பெண் இன்றுவரை சம்மதிக்கவில்லை.

வாசலில் சம்பந்தியம்மா கண் கலங்க என்னிடம் வந்தார். "அண்ணை, எங்கட பிள்ளைக்காக உங்கட கோயில்ல இப்பிடி ஒரு ஏற்பாடு செய்வீங்கள் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. நீங்கள்தானே செய்தது?"

என்ன சொல்வது? செய்தது நான்தான். அந்த முகத்திலிருந்து அத்தனை மாதப் பயமும் இறங்கிப் போயிருந்தது.

"ஓம்" என்றேன்.

பின்னால் அக்கா நின்றிருந்தாள். "அப்ப வேணுமெண்டுதான் செஞ்சிருக்கிற."

"ஐயோ இல்ல அக்கா. இலக்கத்தத் தலைகீழாப் பாத்திட்டன்."

"அவங்களுக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை. நல்லா இரு தம்பி." வீதியில் போன ஆட்டோவை மறித்து ஏறிவிட்டாள். பின்னேரம் வெள்ளவத்தைக்கு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் அவளுக்காகப் பிடித்து வைத்த கதிரையை நான் யாருக்கும் விடவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டுப் படியும் ஏறவில்லை. நான் போனால் யன்னலுக்குள்ளிருந்து, "ரீட்டாவுக்குச் சுகமா?" என்பாள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இப்போது நான் 'ஓம்' என்று சொல்ல முடியாது. சொன்னால் கஜன் ஒரு ஓம் போடுவான். ஷாமினி அதைவிடச் சின்னதாக ஒன்று. ரீட்டா சமைத்தபடியே குசினிக்குள்ளிருந்து ஒன்று. சம்பந்தியம்மா வந்திருந்தால் கடைசியாக, கேட்டும் கேட்காததுமாக ஒன்று. இந்தச் சேட்டை ஒழுங்கை ஒழுங்கையாகப் பரவி, மீன்காரன்கூட என்னிடம் "பாரை மீன் வேணுமா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சிரித்தபடி நிற்கிறான். நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். "அப்பா, பிரஷர் குளுசை போட்டீங்களா?" என்று ஷாமினி கேட்டாள். மறந்துபோய் வாயைவிட்டுவிட்டேன்.

"ஓம்."

கஜன். ஷாமினி. ரீட்டா. சம்பந்தியம்மா. நான்கு. நான் பெருமூச்சு விட்டேன்.

"ஓம்" என்றது ஐந்தாவது குரல்.

திரும்பினேன். வாசலில், கையில் கேக் தட்டோடு, அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன முழிக்கிற?" என்றாள். "திரும்ப எண்ணிப் பாரு."